கோத்தகிரிக் குளிரில் கடல்நீர்த் தொட்டி நிற்குமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகனுக்குப் பவளத் தொட்டி, அதாவது கடல்நீரில் உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் தொட்டி, வைக்க ஆசை. கீழே சமவெளியில் ஒரு வியாபாரி மூன்றடித் தொட்டி, சில்லர், கேனில் கடல் தண்ணீர், லைவ் ராக் (கடலிலிருந்து உயிர்களோடு எடுக்கும் பாறை), ஆறு பவளம், எட்டு மீன் எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய்க்கு ஒரே நாளில் அமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 10,000 முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எங்கள் குளிரில் இதெல்லாம் பிழைக்குமா, வீட்டுக்கு வரும் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, உப்பு கலக்க அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

பிழைக்கும். குளிர், ஹீட்டர் வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம். எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பட்டியல்தான். சில்லர் என்பது தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின். பவளத்துக்கு 25 டிகிரி வாக்கில் வேண்டும், 30ஐத் தாண்டி நின்றால் வெளுத்துப்போகும், அதனால் சென்னையிலும் மதுரையிலும் சில்லர் வைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி இரவில் ஹாலுக்குள்ளேயே 12 டிகிரிக்கு இறங்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை? சென்னை வாடிக்கையாளருக்குப் போட்ட பட்டியலை அப்படியே உங்களிடம் நீட்டியிருக்கிறார். ஏப்ரல், மே மாதத்தில் லைட் சூட்டில் தண்ணீர் 28ஐத் தொட்டால் தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேன் போதும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 180 லிட்டர். 200 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள், 400 வாட்டில் ஒன்று வேண்டாம். ஹீட்டர் கெடும்போது சில சமயம் அணையாமலேயே ஒட்டிக்கொள்ளும், பெரிய ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரண்டையும், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றை வெளியே வைத்து, அதன் வழியாக ஓடவிடுங்கள். தொட்டியின் பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு அங்குல தெர்மாகோல் கொடுங்கள், கரண்ட் செலவு நன்றாகக் குறையும். அப்படியும் குளிர்காலத்தில் ஹீட்டருக்கு மட்டும் நாளொன்றுக்கு 4 யூனிட் வரை போகலாம், இதை வீட்டில் பில் கட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய எஸ்டேட் வீடு, பலகைத் தரை என்றால் தொட்டியை அங்கே வைக்கவே வேண்டாம். தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்து 250 கிலோவுக்கு மேல் வரும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் ராத்திரி முழுக்க வராது என்பது உங்களுக்கே தெரியும். அப்போது மீன் முதலில் சாவது குளிரால் இல்லை, மூச்சுக்காற்று இல்லாமல்தான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். அதனால் மலையில் மீன் எண்ணிக்கையைக் குறைத்தே வைக்க வேண்டும், எட்டு மீன் அதிகம், நான்கு போதும். தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை (தண்ணீரை அலைய வைக்கும் பம்ப்) மட்டும் இணையுங்கள், ஹீட்டரை இணைத்தால் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். தொட்டி மேல் ஒரு கம்பளியைக் காற்றுப் போகும்படி போர்த்தி, வெந்நீர் பாட்டில்களை மூடி மிதக்கவிட்டால் ஒரு இரவைச் சமாளிக்கலாம்.

இப்போது தண்ணீர். ஊற்றுத் தண்ணீர் குடிக்க அருமையானதுதான், மறுக்கவில்லை. பவளத் தொட்டிக்கு ஆகாது. உங்கள் ஊற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டம் இருக்குமே, மழை மாதங்களில் தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து அடிப்பது இங்கே வழக்கம். செம்பு மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவிலேயே பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். போட்ட உரத்தில் கரைந்து வரும் நைட்ரேட் பாசியை வளர்க்கும். இது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

சரி, ஆர்ஓ தண்ணீர்தானே, வீட்டிலேயே மெஷின் இருக்கிறது என்பீர்கள். அங்கேதான் அடுத்த பொறி. இப்போது விற்கிற வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில், உடம்புக்கு நல்லது என்று சொல்லி, சுத்தமான தண்ணீரில் செம்பைத் திரும்பக் கலக்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. குன்னூரில் நான் அமைத்துக் கொடுத்த ஒரு தொட்டியில் இரண்டு மாதம் இறால்கள் வரிசையாகச் செத்தன. உப்பை மாற்றினோம், பம்பை மாற்றினோம், லைட்டைக்கூடச் சந்தேகப்பட்டோம். கடைசியில் சமையலறையில் இருந்த மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே செம்பு. சர்வீஸ் ஆளுக்குக்கூட அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. அந்தக் குழந்தைகள் ஒவ்வொரு இறாலுக்கும் பெயர் வைத்திருந்தார்கள், இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அதனால் உங்கள் மெஷினில் செம்பு, மினரல், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) கன்ட்ரோலர் என்று எது இருந்தாலும், மெம்ப்ரேன் என்ற வடிகட்டும் சவ்வை ஒட்டியே தனிக் குழாய் எடுத்து, அதன்பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் போடுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். செம்புக் குடத்தில் பிடித்து வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் ஆர்ஓ மெதுவாகத்தான் இறங்கும், 12 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

கேனில் வரும் கடல் தண்ணீர் எந்தக் கரையில் எடுத்தது, எத்தனை நாள் வெயிலில் நின்றது என்று யாரும் சொல்லப்போவதில்லை. வேண்டாம். பவளத் தொட்டிக்கான உப்பு வாங்கி லிட்டருக்கு 36 கிராம் வீதம் கலந்தால் உங்கள் தொட்டிக்கு ஆறரைக் கிலோ ஆகும். தண்ணீரை 25 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு அதில் உப்பைக் கொட்டுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பின் அடர்த்தியைக் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் 1.025 இருக்கட்டும். மூடுபனி மாதங்களில் பிரித்த உப்புப் பை கல்லாகிவிடும், மூடி இறுகும் வாளியில் வையுங்கள். தினமும் ஆவியாகிற அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

லைவ் ராக் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல், 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தாலும் குற்றம். கல்லாக வளரும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. கடல் குதிரையும் அதில் உண்டு. வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வியாபாரி பணத்தை வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார், வீட்டில் பொருள் இருப்பது உங்களிடம். ‘இம்போர்ட் சார், பில் இருக்கு’ என்று காட்டும் காகிதத்தில் ‘அலங்காரக் கல்’ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு, அதைப் பொறுமையாகப் படியுங்கள். காளான் பவளம், ஸோவாந்திட், தோல் போல் மெத்தென்று இருக்கும் லெதர் பவளம், இவை கல் எலும்பு இல்லாத மென் வகைகள், அந்த முதல் அட்டவணையில் இல்லை. ஆனால் மெத்தென்று இருப்பதெல்லாம் அனுமதி என்று நினைத்துவிடக் கூடாது. கடல் விசிறி வளையும், அதுவும் அட்டவணையில் உண்டு. ஆர்கன் பைப் பவளம் உயிரோடு இருக்கும்போது பூக்கொத்து மாதிரி தெரியும், அதுவும் உண்டு. அனுமதி உள்ள வகையே ஆனாலும் மன்னார் வளைகுடாப் பூங்காவிலிருந்து எடுத்து வந்தது என்றால் குற்றம்தான். அதனால் வகைப் பெயர், தொட்டியில் பெருக்கியதா, யார் பெருக்கியது, மூன்றும் எழுத்தில் இல்லாமல் வாங்காதீர்கள். ஸோவாந்திட்டைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவே கூடாது, சிலவற்றில் கடும் விஷம் உண்டு.

இதை ஒழுங்காக விசாரிக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்தப் படிவம் கிளி வளர்ப்பவரை மனதில் வைத்துச் செய்தது போல இருக்கிறது. எந்த மென்பவளம் எந்தப் பட்டியலில் என்று தமிழில் ஒரு பக்கம் போட இவர்களுக்கு எத்தனை வருடம் வேண்டும்? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. அதே போலப் பெருக்கிய பவளத்துக்கு ஒரு நேர்வழி இருந்தால் இந்தத் திருட்டுச் சந்தை பாதி படுத்துவிடும்.

அதனால் காய்ந்த, செயற்கையாகச் செய்த பாறை வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் போட்டு, துளி மீன் தீனி போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் 26 டிகிரியில் ஓடவிடுங்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும். கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனபின் ஒரு ஜோடி க்ளவுன் மீன். மூன்று மாதம் கழித்துத்தான் பவளம். நடுவில் பழுப்புப் பாசி படரும், அது தானே போய்விடும், அதற்கு மருந்து விற்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

மீனை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே கொண்டு வரும்போது ஆக்சிஜன் பையை முழுக்க உப்ப வைக்க விடாதீர்கள். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பை இன்னும் உப்பும், வெடித்ததையும் பார்த்திருக்கிறேன். தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பகலில் கொண்டு வாருங்கள்.

முன்பணத்தைப் பற்றி: சில்லரும் லைவ் ராக்கும் பவளமும் வேண்டாம், தொட்டியும் ஸ்டாண்டும் மட்டும் போதும், இந்த 10,000ஐ அதில் கழியுங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள். அப்புறம் உங்கள் ஆர்ஓ மெஷினைத் திறந்து உள்ளே என்னென்ன கார்ட்ரிட்ஜ் இருக்கிறது என்று மகனை ஒரு படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்புங்கள், எந்த இடத்தில் குழாய் எடுக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.