பிட்காயினின் மொத்தக் கணக்கையும் நம் கணினியிலேயே வைத்துச் சரிபார்க்கும் முழு நோடு ஓட்ட வசதியில்லை. போனில் லைட் பிட்காயின் வாலட் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆபத்து?

காசு போய்விடுமோ என்றுதான் பயம் என்றால், நேரடியாகப் போகாது. காசைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி உங்கள் போனிலேயே இருக்கிறது. ஆனால் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நான் பெருந்துறைப் பக்கம். அப்பா மஞ்சள் வைக்கிறவர். விலை ஏறட்டும் என்று ஈரோட்டில் ஒரு மண்டி குடோனில் மூட்டைகளைப் போட்டு வைத்திருப்பார். இருப்பு எத்தனை என்று மண்டிக்குப் போன் போட வேண்டுமென்றால் டீக்கடையில் நின்று பேசமாட்டார், தோட்டத்துக்கு வந்துதான் பேசுவார். "கேக்கறப்பவே நாலு பேருக்குச் சொல்லிப்போடறோம் கண்ணு" என்பார். லைட் வாலட் நாள் முழுக்க டீக்கடையில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிட்காயினின் முழுக் கணக்கு 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. போனுக்கு அது தாங்காது. அந்தக் கணக்கு பிளாக் பிளாக்காக, அதாவது பரிவர்த்தனைகளின் கட்டுகளாக எழுதப்படுகிறது. அதனால் லைட் வாலட் ஒவ்வொரு பிளாக்கிலும் 80 பைட் தலைப்பை மட்டும் இறக்கிக்கொண்டு, மீதியை வெளி சர்வரிடம் கேட்கிறது: இந்த முகவரிக்கு ஏதாவது வந்ததா, அந்த முகவரிக்கு வந்ததா என்று. ஒவ்வொரு வரவுக்கும் வாலட் புது முகவரி தருவதே, யாரும் அவற்றைக் கோத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அத்தனையையும் ஒரே சர்வரிடம் வரிசையாகக் கேட்டால் நாமே கோத்துக் கொடுத்த மாதிரி. கூடவே நம் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் போகிறது. எலக்ட்ரம் என்ற பிரபல லைட் வாலட் பேசும் சர்வர்களை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். நல்லவரும் நடத்துகிறார், வேவு பார்க்கிறவரும் நடத்தலாம்.

சர்வர் பொய் சொல்லுமா? வராத காசு பிளாக்கில் ஏறிவிட்டது என்று ஏமாற்றுவது கடினம், தலைப்பை வைத்து வாலட் சரிபார்த்துவிடும். வந்த காசை வரவில்லை என்று மறைக்கலாம்.

முகவரிகள் இப்படி வெளியே தெரிவதைச் சரிசெய்ய 2012-இல் புளூம் ஃபில்டர் என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள். நம் முகவரிகளோடு வேறு சிலவும் கலந்து வருகிற மாதிரி மங்கலாகக் கேட்பது. 2014-இல் ஆய்வாளர்கள் பார்த்தபோது, பல வாலட்களில் அந்த மங்கல் பேருக்குத்தான் இருந்தது. 2019-இல் பிட்காயின் கோர் என்ற முழு நோடு மென்பொருள் அந்தச் சேவையை இயல்பாகவே அணைத்து வைத்துவிட்டது. இப்போது சில வாலட்கள் தலைகீழாகச் செய்கின்றன: ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சின்ன அடையாளக் குறிப்பை வாங்கி, போனிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் அந்த முழு பிளாக்கையும் இறக்கிக்கொள்வது. எந்த வரி நம்முடையது என்று எதிராளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேட்டா கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான்.

காசு நேரடியாகப் போகாது என்றேன் இல்லையா, அதில் ஒரு ஓட்டை இருந்தது. 2018 டிசம்பரில் சில திருட்டு ஆசாமிகள் எலக்ட்ரம் சர்வர்கள் நிறையத் திறந்து வைத்தார்கள். பணம் அனுப்பப் போனால் சர்வர் மறுத்து, ஒரு பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். அதைப் பழைய வாலட் அப்படியே அழகாக, லிங்க்கோடு காட்டியது: உடனே அப்டேட் செய்யுங்கள் என்று. இறக்கியது போலி வாலட். 200 பிட்காயினுக்கு மேல் போயிற்று. சாவியை யாரும் உடைக்கவில்லை, ஆட்களே கையில் எடுத்துக் கொடுத்தார்கள். வாலட்டுக்குள்ளேயே தெரிகிற செய்தி என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பின்னால் வந்த பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள்.

என் சொந்தக் கூத்து ஒன்று. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்த பிறகு, கணக்கு எழுதக் கேட்டார் ஆடிட்டர். சோம்பேறித்தனத்தில் ஒரு கணக்குத் தளத்தில் வாலட்டின் எக்ஸ்பப்பை, அதாவது முகவரிகளையெல்லாம் உருவாக்கும் பொதுச்சாவியை, ஒட்டிவிட்டேன். வரவு செலவு மளமளவென்று வந்து விழுந்தது. அப்புறம்தான் உறைத்தது: எக்ஸ்பப் என்பது அந்தக் கணக்கில் இதுவரை வந்த முகவரிகள் மட்டுமல்ல, இனி வரப்போகிறவையும். போதாததற்கு, அதோடு அந்தக் கணக்கின் ஏதாவது ஒரு முகவரியின் தனிச்சாவி சேர்ந்தாலே சாதாரணமாக மொத்தச் சாவியையும் கணக்கிட்டு எடுத்துவிடலாம். அன்று ராத்திரியே புது சீட் சொற்கள் (வாலட்டின் சாவிகளைத் திரும்ப உருவாக்கும் சொற்கள்) எழுதி, கட்டணம் கட்டி எல்லாவற்றையும் புது வாலட்டுக்கு மாற்றினேன். ஒன்றும் திருடு போகவில்லை. ஆனாலும் பழைய கணக்கு அங்கே யாரோ ஒருவர் கையில் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது பழைய டெஸ்க்டாப் ஒன்றில் 1 டிபி டிஸ்க் போட்டு நோடும் எலக்ட்ரம் சர்வரும் ஓட்டுகிறேன். போன் வாலட் அதனிடம் மட்டும் பேசும். முதல் முறை முழுதாக இறக்க நாள் கணக்கில் ஆயிற்று, நடுவில் கரண்ட் போய் இரண்டு முறை கெட்ட வார்த்தை பேசியதும் உண்டு. உங்களுக்கு அது முடியாது என்றால் டோர் என்ற மறைவு வலை வழியாக இணையுங்கள், ஐபியாவது மறையும். முகவரிகள் கோக்கப்படுவதை அது தடுக்காது. வாலட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் இறக்கி, அந்த ஃபைலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். சீட் சொற்களைக் காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுத்தால் அது தானாகவே கிளவுடுக்கு ஏறிவிடக்கூடும்.

வைத்திருப்பது சில ஆயிரம் ரூபாய்க்குத்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாங்க. அப்பாகூட ஐந்தாறு மூட்டைதான் இருக்கிறது என்றால் டீக்கடையிலேயே பேசிவிடுவார்.