உடம்பு தேறி மறுபடி மலைச் சைக்கிள் போட்டிக்கு: கேள்வி பதில்

ஒற்றைத்தடம்: மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்து ஸ்க்ரூ வைத்து 10 வாரம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள். கேப் எபிக்குக்கு (தென்னாப்பிரிக்காவில் ஜோடியாக ஓட்டும் 8 நாள் பந்தயம்) இன்னும் 4 மாதம். டிரெயினரில் (வீட்டுக்குள் நின்ற இடத்தில் மிதிக்கும் கருவி) மூச்சும் காலும் பழையபடி வந்துவிட்டன. எங்கே தொடங்கலாம் அண்ணா?

பதில்: காலையும் மூச்சையும் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உங்களைக் கைவிடப்போவது கைதான்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. அதனால் முழங்கைப் பக்கத் துண்டு ஒட்டிக் கூடுவதற்குத் தாமதமாகும். சில சமயம் கூடாமலே போகும். சிடி ஸ்கேன்தான் அதைத் தெளிவாகக் காட்டும், கேட்டு வாங்குங்கள்.

கூடியது உறுதியானதும் தார் ரோடு, பிறகு மண் ரோடு, கடைசியில்தான் கல் இறக்கம். பிடி வலுவை பிசியோவிடம் அளந்து பாருங்கள். நல்ல கையின் வலுவில் பத்தில் ஒன்பது பங்கு வராமல் கல் இறக்கத்துக்குப் போக வேண்டாம். பிறகு 10 நிமிட இறக்கத்தை நிற்காமல் ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் மணிக்கட்டைப் பாருங்கள். வீக்கமோ விறைப்போ இருந்தால் ஒரு படி கீழே.

இனி வண்டி. பிரேக் லிவரை மிக மேலே தூக்கி வைத்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கும். மிகக் கீழே இறக்கினால் உள்ளங்கை முன்னால் வழுக்கும். இறங்கும் நிலையில் நின்று, முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். ஒற்றை விரல் எட்டாமல் இழுக்க வேண்டியிருந்தால் லிவரை உள்ளே கொண்டுவாருங்கள். முன் ரோட்டர் (பிரேக் தட்டு) 160 மி.மீ. என்றால் 180 போடுங்கள்; ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும், அதிர்ச்சி வாங்கும் கவை) அதை ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பிரேக்குக்கு விரல் வேலை குறையும். 70 கிலோ ஆள், 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22 பிஎஸ்ஐ-யில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ரிம் கல்லில் இடித்தால் ஒன்று ஏற்றுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கை வலிக்கிறதே என்று ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் மறுபடி எழும் வேகத்தை, மெதுவாக்குகிறார்கள். தொடர் மேடுகளில் ஃபோர்க் எழும்ப நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லும் நேராகக் கையில்தான்.

புதியவன்: காறை எலும்பு முறிவு. எத்தனை வாரத்தில் போட்டிக்குப் போகலாம் சார்?

பதில்: பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் எலும்பு கூடும். கூடியதும் போட்டிக்குத் தயாரானதும் ஒன்றல்ல. வாரத்தை விடுங்கள், மேலே சொன்ன படிகளைப் பாருங்கள்.

ஏற்றக்காரி: வைரஸ் காய்ச்சல் விட்டு 2 வாரம் ஆகிறது. ஓய்வில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 12 கூட. ஏற்றத்தில் நெஞ்சு லேசாகப் பிடிக்கிறது. மெதுவாக ஓட்டலாமா?

பதில்: கூடாது. நெஞ்சுப் பிடிப்பு, படபடப்பு, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதயத் தசையில் அழற்சி என்று தெரிந்தால் வழக்கமாக 3 முதல் 6 மாதம் போட்டி கிடையாது. அந்த நேரத்தில் கடும் உழைப்பு இதயத் தாளத்தையே குலைக்கும், உயிருக்கே ஆபத்து. இன்றே போங்கள்.

மண்பாதை: முட்டிக்கு ஒரு ஊசி போட்டு, வலி மாத்திரையோடு ஓட்டி முடித்துவிடலாமா?

பதில்: இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஸ்டீராய்டு ஊசி, மூட்டுக்குள் போட்டாலும்கூட, 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. டிராமடால் என்ற வலி மருந்து 2024 முதல் எல்லா விளையாட்டிலும் போட்டிக் காலத்தில் தடை. சைக்கிளில் அதற்கும் முன்பே, 2019 முதல். மருத்துவக் காரணம் இருந்தால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு (தடை மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்கும் அனுமதி) முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். களைப்புக்கு டிரிப் ஏற்றுகிறவர்களும் கவனியுங்கள்: 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் போனால் அதுவும் தடை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, நோயறியும் பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

இபுப்ரோஃபென் தடையில்லைதான். ஆனால் உடலில் நீர் வற்றி 5 மணி நேரம் ஓட்டும்போது சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். மாத்திரை போட்டால்தான் தொடங்க முடியும் என்றால் தொடங்காதீர்கள்.

பஞ்சர்: ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் 2021 மே கடைசியில் காறை எலும்பை முறித்துக்கொண்டு ஜூலை 26-ல் மலைச் சைக்கிளில் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லையா?

பதில்: வாங்கினார். பிளேட் போட்ட காறை எலும்பு, முழுநேரக் குழு. அதோடு அது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பந்தயம்.

ஏற்றக்காரி: சுவிஸ் வீராங்கனை யோலாண்டா நெஃப்? அதே ஆண்டு ஜூனில் கை எலும்பு முறிந்தது, ஜூலையில் தங்கம். நீங்கள் கைதான் கைவிடும் என்கிறீர்கள்!

பதில்: நல்ல அடி. ஆனால் ஒலிம்பிக் பாதை சில கிலோமீட்டர் சுற்று. முன்பே பயிற்சி எடுத்து ஒவ்வொரு கல்லையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 8 நாள் பந்தயத்தில் நான்காம் நாள் களைத்த கையோடு, பார்த்தேயிராத இறக்கத்தில் இறங்குகிறீர்கள். எலும்பு தாங்கினாலும் பிடி தளரும்.

பஞ்சர்: அப்படியானால் பிளேட் போட்டவர்களுக்குத் தொல்லை இல்லை?

பதில்: உண்டு. மறுபடி விழுந்தால் பிளேட் வளையலாம், அல்லது அதன் ஓரத்தில் எலும்பு முறியலாம். பிளேட் சீக்கிரம் ஓட்ட விடும், விழுந்தால் காப்பாற்றாது. ஏற்றக்காரி, விவாதம் இருக்கட்டும், ஈசிஜி எடுத்தாயிற்றா?

செயின்ரிங்: முழு வேகத்தில் மட்டும் இடது தொடை மரத்துப் போகிறது. நின்றால் சரியாகிறது. ஸ்கேனில் முதுகெலும்பு சுத்தம்.

பதில்: அருமையான கேள்வி. இடுப்பு ரத்தக்குழாய் தடித்துக் குறுகியிருக்கலாம். குனிந்தே ஓட்டும் சைக்கிள்காரர்களிடம் இது காணப்படும். கடும் மிதிக்குப் பிறகு இரண்டு கணுக்காலிலும் ரத்த அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் அளந்தால் தெரியாமல் போகலாம். ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போங்கள். பிரெஞ்சு வீராங்கனை போலின் ஃபெராந்த்-ப்ரெவோ 2019 ஜனவரியில் இதற்கு அறுவை செய்துகொண்டு, அதே ஆண்டு மலைச் சைக்கிளில் உலகப் பட்டம் வென்றார்.

கியர்மாற்றி: விலா எலும்பு. எத்தனை வாரம்?

பதில்: மேலே படியுங்கள்.

சறுக்கல்: தலையில் அடி. மயக்கம் இல்லை, லேசான தலைவலி மட்டும். நாளை போட்டி.

பதில்: நாளை போட்டி இல்லை. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வர வேண்டியதில்லை. மருத்துவரைப் பாருங்கள், ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

புதியவன்: எந்த வண்டி வாங்கலாம்?

பதில்: வேறு இடத்தில் கேளுங்கள்.

ஒற்றைத்தடம்: கடைசியாக ஒன்று. கேப் எபிக்கில் ஜோடி 2 நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கை விஷயத்தைக் கூட்டாளியிடம் சொல்லவா?

பதில்: இன்றே சொல்லுங்கள். இறக்கத்தில் நீங்கள் முன்னால் போங்கள். பின்னால் வந்தால் அவர் வேகத்தைத் துரத்தப் பார்ப்பீர்கள்.