தொடர்ந்து குற்றம் செய்பவர்களை டவுன் சென்டருக்குள்ளேயே நுழையக் கூடாது என்று தடுப்பது நியாயமா?

நியாயம்தான். ‘ஒரு மனிதனை ஊரை விட்டே துரத்துவது போல் இல்லையா’ என்று கேள்வியின் கீழே சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் கடையில் நின்று வேலை பார்த்தவர் இல்லை என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஊரின் டவுன் சென்டரில் 11 வருடமாகச் சின்ன மளிகைக் கடை நடத்துகிறோம். ஒருவன் வாரத்துக்கு மூன்று நாள் வருவான். முப்பது வயது இருக்காது. காபி ஜார், ஷேவிங் பிளேடு, சீஸ் என்று கோட்டுக்குள் அள்ளிக்கொண்டு போவான். ‘பாவம், பசிக்கு எடுக்கிறான்’ என்று இப்போதே யாராவது பதில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். பசிக்கு யாரும் எட்டு காபி ஜார் எடுப்பதில்லை. விற்று, போதைக்குக் கொடுக்கத்தான். அது நோய் என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முதல் சில மாதம் புகாரே கொடுக்காமல் இருந்தேன்.

ஒரு பிப்ரவரி மாலை கடையில் நான் மட்டும் இருந்தேன். “வைத்துவிட்டுப் போ” என்றேன், அவ்வளவுதான். கையில் இருந்த ஜாரை என் தலைக்குக் குறி வைத்து எறிந்தான். அது பின்னால் இருந்த அலமாரியில் பட்டு உடைந்தது. அன்று இரவு என் மகள் என்னை உட்கார வைத்து, சீவச் சீவத் தலையிலிருந்து கண்ணாடித் துகள் விழுந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் காபி வாசம் போகவில்லை.

பிடித்தார்கள், கோர்ட்டுக்குப் போனான், அபராதம் போட்டார்கள். மறு வாரம் பக்கத்துக் கடை வாசலில் நிற்கிறான்! நான் மூன்று நாள் கடைக்கே போகவில்லை. அப்போது யாரும் என்னிடம் வந்து, ‘உன்னை ஊரை விட்டுத் துரத்திவிட்டார்களா’ என்று கேட்கவில்லை.

அப்புறம் எங்கள் பகுதி போலீஸ்காரர் ஒருவர்தான் ஒரு நோட்டு போடச் சொன்னார். என்றைக்கு வந்தான், எத்தனை மணிக்கு, என்ன எடுத்தான், என்ன சொன்னான், எல்லாம். கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டு வைத்து எழுதினேன், தமிழில். மொத்தம் 43 பதிவு. எங்கள் தெருவில் இன்னும் நான்கு கடைக்காரர்கள் எழுதினார்கள். அடுத்த வழக்கில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பானபோது, அரசுத் தரப்பு வக்கீல் ‘கிரிமினல் பிஹேவியர் ஆர்டர்’ கேட்டார், அதாவது குற்றவாளியின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் கோர்ட் உத்தரவு. கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு டவுன் சென்டருக்குள் கால் வைக்கக் கூடாது.

இது யாரோ ஒரு போலீஸ்காரர் கோபத்தில் போடுகிற தடை இல்லை. தண்டனை கொடுத்த கோர்ட்டுதான் இதைப் போட முடியும். பெரியவர்களுக்குக் குறைந்தது இரண்டு வருடம். மீறினால் ஐந்து வருடம் வரை சிறை. ஆர்டரோடு ஒரு வரைபடமும் உண்டு, தெருக்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு. அவன் தினமும் மருந்து வாங்கும் கெமிஸ்ட் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. அதற்கு மட்டும் ஒரு தெரு வழியாக, காலையில் ஒரு மணி நேரம் வந்து போகலாம் என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். அது எனக்கு முழுச் சம்மதம். மருந்தையும் தடுத்திருந்தால் நானே எதிர்த்திருப்பேன்.

பழைய ‘ஆஸ்போ’வை, அதாவது சமூகத்துக்குத் தொல்லை கொடுப்பவர்கள் மேல் போட்ட தடை உத்தரவை, மனதில் வைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். 1998 சட்டத்தில் வந்தது அது. குற்றம் நிரூபணமாகி ஒருவருக்குத் தண்டனை கிடைக்காமலே அதைப் போட முடிந்தது. அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆஸ்போவை நீக்கி 2014இல் புதுச் சட்டம் வந்தது, நான் சொன்ன ஆர்டர் அதில் வந்ததுதான். அதிலேயே கவுன்சிலுக்கு ஒரு தனி அதிகாரம் இருக்கிறது, ஓர் இடத்துக்கு என்று பொதுவாக விதி போட்டு, மீறுகிற யாருக்கும் அபராதம் போடலாம். சில ஊர்களில் அதை வைத்துப் பிச்சை எடுப்பவர்களிடம் அபராதம் கேட்கிறார்கள். அதை நான் ஆதரிக்கவே மாட்டேன். குளிருக்கு வாசலில் படுத்திருப்பவரும் ஜாரை எறிந்தவனும் ஒன்றா?

‘வேறு இடத்துக்குப் போய்த் திருடுவான்’ என்பார்கள். உண்மை. கோட்டுக்கு வெளியே பெட்ரோல் நிலையத்தில் கடை வைத்திருப்பவர் ஒரு நாள் என்னிடம் வந்து, “உங்கள் ஆள் இப்போது என் கடைக்கு வருகிறான்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் நோட்டைக் காட்டி, இதே மாதிரி எழுதுங்கள் என்றேன்.

இன்னொன்று, யாரும் பேசாதது. 200 பவுண்டு வரையிலான கடைத் திருட்டைச் சிறு வழக்கு என்று ஆக்கியதும் அதே 2014 சட்டம்தான். எங்கள் கடையில் ஒரே தடவையில் 200 பவுண்டுக்கு எடுக்க ஒரு ஆளால் தூக்கவே முடியாது. அப்படியென்றால் எங்களுக்கு நடந்தது எல்லாமே சிறு வழக்கு! கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? உள்ளே போதை ஊசி போடுகிறார்கள் என்று பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிட்டது. எங்களிடம் வரும் வயதானவர்கள் பாதி சாமானோடு வீட்டுக்கு ஓடுகிறார்கள். ஊசி போட்டவர்கள் கார் பார்க்கிங் படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து பேர் செய்ததற்கு ஊருக்கே தடை, அதை மட்டும் யாரும் நியாயமா என்று கேட்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவன் இருந்து, அதனால்தான் கேட்கிறீர்கள் என்றால், இன்றே நோட்டு போடுங்கள். தேதியும் நேரமும் அவன் சொன்ன வார்த்தையும் அப்படியே இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதுங்கள். என் 43 பதிவையும் கோர்ட்டுக்காக ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியபோது, ஒவ்வொரு நாளையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.