போசிக்குள்ள போசி: கூடாரச் சமையல் பாத்திரம் பத்திக் கேள்வி பதில்

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைச் சத்தத்துல வளர்ந்தவ நான். அப்பா பித்தளையில இருந்து எவர்சில்வருக்கு மாறுன காலத்துல, விளிம்பு தேய்ச்சுக் குடுக்கற வேலை எனக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர், பசங்க, நாத்தனார் குடும்பம்னு எல்லாருமா வருசத்துக்கு மூணு நாலு தடவை கூடாரம் எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். இடத்தை அடைக்காத பாத்திரம் பத்தி நீங்க கேட்டதுக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கோபிசெட்டிபாளையம்: அக்கா, நாலு பேர் கார்ல ஏற்காடு போறோம், ரெண்டு ராத்திரி. பத்து உருப்படி இருக்கற கேம்பிங் செட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். வாங்கலாமுங்களா?

தம்பி, பாத்திரத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி என்ன பொங்கப் போறீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. எங்க வீட்டுல முதல் ராத்திரி எப்பவும் அரிசியும் பருப்பும் சாதம்தான். ஒரே சட்டியில தாளிச்சு, அதுலயே வேக வெச்சு, நெய் ஊத்தி எறக்கிடலாம். நாலு பேருக்கு அரிசி 400 கிராம், துவரம்பருப்பு 100 கிராம்னு வெச்சுக்கோங்க. தண்ணியும் சேர்ந்தா ரெண்டு லிட்டர் வந்துடும். பொங்கி வழியாம இருக்க மேல இடம் வேணும். அதனால மூணு லிட்டர் சட்டி ஒண்ணு, அதுக்குள்ள உக்கார்ற ஒண்ணரை லிட்டர் சட்டி ஒண்ணு டீக்கும் ரசத்துக்கும், மூடியாவும் ஆகற தட்டையான வடச்சட்டி ஒண்ணு. இவ்வளவுதான் வேணும்.

நீங்க பார்த்த செட்டுல பத்து உருப்படி எதுன்னு எண்ணிப் பாருங்க. மடக்குக் கரண்டி, தேய்க்கற பஞ்சு, துணிப்பை எல்லாத்தையும் சேர்த்து எண்ணியிருப்பாங்க. பெரிய சட்டியே ஒரு லிட்டர்தான்னா அது ரெண்டு பேருக்கான செட். கடையில உருப்படி எத்தனைன்னு கேக்காதீங்க, எத்தனை லிட்டர்னு கேளுங்க.

இன்னொண்ணு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்க தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதனால பருப்பு சீக்கிரம் வேகாது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா பருப்பை ஊற வெச்சிடுங்க. கூடாரம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஊறியிருக்கும்.

திருப்பூர்: எவர்சில்வரா, அலுமினியமா? டைட்டானியம்னு ஒண்ணு சொல்றாங்களே?

ஒரே அளவு கட்டியா எடுத்தா அலுமினியத்தைவிட எவர்சில்வர் மூணு மடங்கு கனம். ஆனா எவர்சில்வரை மெல்லிசா அடிக்க முடியும், அதனால பாத்திரமா வர்றப்ப வித்தியாசம் அவ்வளவு இருக்காது. பெரிய வித்தியாசம் சூடு பரவறதுலதான். அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல வேகமாச் சூட்டைக் கடத்தும். கேம்ப் அடுப்போட தீ சின்ன வட்டமா ஒரே இடத்துல நிக்கும். மெல்லிசு எவர்சில்வர்ல பருப்புச் சாதம் வெச்சா அந்த வட்டம் மட்டும் கருகிப் போகும், சுத்தியும் அரிசி நறுக்குன்னு நிக்கும். எங்க நாத்தனார் ஒரு தடவை கொல்லிமலையில ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த வட்டத்தைச் சுரண்டிட்டு உக்காந்திருந்தாங்க.

அதனால கார்ல போறவங்களுக்கு அடியில அலுமினியம் வெச்சு ஒட்டுன கனமான எவர்சில்வர் நல்லது. முதுகுல தூக்கிட்டு நடக்கறவங்களுக்கு ஆனடைஸ் பண்ணுன, அதாவது மேல்பரப்பைக் கெட்டியாக்குன அலுமினியம். வெறும் அலுமினியத்துல புளி, தக்காளி, மோர் வேண்டாம். புளிப்பு அதுக்கு ஆகாது, குழம்புலயும் ருசி ஏறிடும். டைட்டானியம் இறகாட்டம் இருக்கும், வெந்நீர் வெச்சுக் காப்பி கலக்க அருமை. தாளிக்க மட்டும் வேண்டாம், கடுகு வெடிக்கறதுக்குள்ள எண்ணெய் கருகிடும்.

காந்தம் ஒட்டலைன்னா நல்ல சில்வர்னு கடையில சொன்னா அதை மட்டும் நம்பாதீங்க. மட்டமான 200 வரிசைச் சில்வர்லயும் காந்தம் ஒட்டாது. 304-ன்னு முத்திரை இருக்குதான்னு பாருங்க. அப்பா சொல்லிக் குடுத்த சோதனை ஒண்ணு இருக்கு. விளிம்பை உள்பக்கமா நகத்தால ஒரு சுத்து தடவிப் பாருங்க. மடக்குன விளிம்புல நகம் போற சந்து இருந்தா அங்க தண்ணி நிக்கும், சோத்துப் பசை நிக்கும். வீட்டுல பரவாயில்லை, காட்டுல அரைச் சொம்புத் தண்ணியில கழுவறப்ப அது ஒழுங்காப் போகாது. அந்தப் பாத்திரத்தை எடுக்காதீங்க.

பவானி: அம்மிச்சியோட பித்தளைக் குண்டா கொண்டு போகட்டுமா?

வேண்டாம் கண்ணு. உள்ள பூசியிருக்கற வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். கொஞ்ச நேரம் காலியா அடுப்புல இருந்தாப் போதும், பூச்சு போயிடும். ஈயம் போன பித்தளையில சமைக்கக் கூடாது. அது பொங்கலுக்கு வீட்டுலயே இருக்கட்டும்.

பொள்ளாச்சி: சிலிக்கான்ல மடக்கு மடக்கா அமுக்கற பாத்திரம் ரெண்டு விரல் கனத்துக்கு வந்துடுதே. அதுல சமைக்கலாமா?

இடம் மிச்சம்கறது உண்மைதான், அதுக்காகவே நானும் ஒண்ணு வாங்கினேன். அடி உலோகம், சுவர் சிலிக்கான். தீ அடித்தட்டுக்கு வெளிய ஒரு நூல் கூட வரக்கூடாது. நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்குதே, அது தீயைச் சாய்ச்சுச் சுவர்ல தள்ளிடும். ஆழியாறு பக்கத்துத் தோப்பு ஒண்ணுல அப்படித்தான் என்னோட பாத்திரத்துச் சுவர் ஒருபக்கம் பழுப்பாயிடுச்சு.

மஞ்சத்தூள் கறையும் போகாது. வெங்காய வாடை அடுத்த நாள் டீயில வரும். வெறும் வெந்நீருக்கு வெச்சுக்கோங்க. அடுப்பில்லாத வேலைக்குத்தான் இது ரொம்பப் பொருத்தம்: அரிசி களைய, காய் கழுவ, பாத்திரம் தேய்க்கத் தண்ணி பிடிக்க. வீட்டுல எடுத்து வெக்கறப்ப மடக்காம விரிச்சே வையுங்க, மடிப்புல ஈரம் நின்னா வாடை வரும்.

சத்தியமங்கலம்: மூணு கல்லு கூட்டி விறகு எரிச்சா அடுப்பு தூக்கற வேலையே இல்லையே?

காப்புக் காட்டுக்குள்ள தீ மூட்டவே கூடாதுங்க. உங்க ஊர்க் காடு 2013-ல இருந்து புலிகள் காப்பகம். 2018 மார்ச்ல குரங்கணித் தீயில நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் மாட்டுனதை நான் மறக்கலை. மாசி, பங்குனியில புல்லு காஞ்சு கெடக்கறப்ப ஒரு பொறி போதும்.

தோட்டத்துலயோ, முகாம் நடத்தறவங்க அடுப்புக்குன்னு ஒதுக்குன இடத்துலயோ விறகு எரிக்கலாம். அதுக்கு முன்னாடி சட்டியோட வெளி அடியில சாம்பலைத் தண்ணியில குழைச்சுப் பூசிடுங்க. கரி அதுமேலதான் படியும், கழுவுனா சாம்பலோட சேர்ந்து வந்துடும்.

கரூர்: எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெக்க எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க எப்படி அடுக்கறீங்க?

பிடிதான் எடத்தை முழுங்கறது. பிடி இல்லாத சட்டிகளா எடுத்துட்டு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே இடுக்கி வெச்சுக்கோங்க. இடுக்கியை வாங்குன அன்னைக்கே பெரிய சட்டி நிறையத் தண்ணி ஊத்தித் தூக்கிப் பாருங்க. கை நடுங்குனா மாத்திடுங்க. கொதிக்கற ரசத்தோட வழுக்கறது விளையாட்டில்லை.

அடுத்தது கேம்ப் அடுப்புல மாட்டற கேஸ் டின். 230 கிராம் கேஸ் இருக்கற டின் சுமாரா 11 சென்டிமீட்டர் அகலம். உள்சட்டி 12 சென்டிமீட்டராவது இருந்தா டின் உள்ள உக்காந்துக்கும், இல்லைன்னா அது தனியா ஒரு இடம் கேக்கும். அடுப்பை டின்ல இருந்து கழட்டித் துணியில சுத்தி டின்னுக்கு மேல வையுங்க. சட்டிக்கும் சட்டிக்கும் நடுவுல பனியன் வேஸ்ட் ஒரு துண்டு போட்டுடுவேன். கீறல் விழாது, கார்ல கலகலன்னு ஆடாது, அங்க போனா அதுவே கைப்பிடித் துணி. சட்டிக்கு வெளிய நான் எடுத்துட்டுப் போறது ஒரு தூக்குப்போசி மட்டும்தான். போறப்ப அரிசி, பருப்பு, மொளகா, சீரகம் எல்லாம் அதுக்குள்ள. அங்க தண்ணி எடுக்க அதேதான், ராத்திரி மிஞ்சுன சோத்தை எறும்பு ஏறாம மூடி வெக்கவும் அதேதான்.

காத்துத் தடுப்புத் தகடு வெக்கறவங்க டின்னைச் சுத்தி மூடிடாதீங்க. சூடு உள்ளயே நின்னு டின் வெடிக்கற அளவுக்குப் போகலாம். மழை பெய்யுதுன்னு கூடாரத்துக்குள்ள அடுப்புப் பத்த வெக்கறதும் கூடாது. அந்தப் புகையில வாடையே இல்லாத விஷம் இருக்கு.

ஈரோடு: ஆறு மாசம் கழிச்சு எடுத்தா உள்ள பூஞ்சை வாடை அடிக்குது.

ஈரத்தோட மூடியிருப்பீங்க. ஊர் வந்த அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சு ஒரு பகல் வெயில்ல கவுத்து வையுங்க. அப்புறம் அடுக்கறப்ப சட்டிக்குள்ள செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, மூடியைச் சாய்ச்சு வையுங்க. இரும்புத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவித் துடைச்சிடுங்க, பிசுக்கு நிக்கக் கூடாது. அலுமினியத்தைச் சோடா உப்புப் போட்டுத் தேய்ச்சாக் கறுத்துடும்.

கேஸ் டின்னைக் கார் டிக்கியில விட்டுட்டு வராதீங்க. 50 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு டின் மேலயே போட்டிருக்கும். சித்திரை வெயில்ல உங்க ஊர்ல மூடி நிக்கற கார் அதைத் தாண்டிடும்.

அவிநாசி: வெள்ளியங்கிரி ஏறப் போறோம், சின்ன சட்டி ஒண்ணு?

சட்டியே வேண்டாம், அதுவும் காடுதான், மலையேறறவங்க அடுப்பு மூட்டக் கூடாது. கட்டுச்சோறும் சில்வர் தண்ணி பாட்டிலும் போதும்.

தாராபுரம்: எங்க போய் வாங்கறதுங்க அக்கா?

புதுசா வாங்கறதுக்கு முன்னாடி உங்க வீட்டு அடுக்குப் பாத்திரங்களை எறக்கிப் பாருங்க. சீர்ல வந்த குண்டாக்கள்ல ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கச்சிதமா உக்காரும், பாதிப் பேருக்கு அதுவே போதும். இல்லைன்னா அனுப்பர்பாளையம் வாங்க, எவர்சில்வரை எடை போட்டும் குடுப்பாங்க. வர்றப்ப கேஸ் டின்னையும் அடுப்பையும் கையோட கொண்டு வந்து, சட்டிக்குள்ள வெச்சு மூடிப் பார்த்துட்டுக் காசு குடுங்க.