கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'கிளர்க்ஸ் 2' படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கெவின் ஸ்மித் 1994-இல் எடுத்த 'கிளர்க்ஸ்' படத்தின் இரண்டாம் பாகம் அது. 2006-இல் வந்த நகைச்சுவைப் படம். முப்பது வயதைத் தாண்டியும் மேலே போக வழியில்லாத வேலையில் நிற்கும் டான்டே, ரேண்டல் என்ற இரண்டு கூட்டாளிகளின் ஒரு நாள். இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் அப்படியே போட்டிருக்கிறேன்.

தொண்டி: அண்ணே, முதல் படத்தைக் கையில் இருந்த காசைப் போட்டு எடுத்தான், அதில் உண்மை இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கலரில், பேர் தெரிந்த நடிகையை வைத்து எடுத்ததில் அது எங்கே இருக்கிறது? பழைய பேரைக் காசாக்கும் வேலைதானே இது?

முதல் படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மொத்தச் செலவு 27,575 டாலர். கிரெடிட் கார்டுகளில் கடன் வாங்கி, ஆசையாகச் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றுத் திரட்டிய பணம். நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனார்டோ என்ற ஊரில், தான் வேலை பார்த்த கடையிலேயே எடுத்தார். பகலில் கல்லாவில் நிற்பார். கடை சாத்திய பிறகு ராத்திரியில் படம் பிடிப்பார். கதையோ பகலில் நடக்கிறது. வெளியே இருட்டு தெரிந்துவிடக் கூடாதே! அதனால் பூட்டுக்குள் எவனோ சூயிங்கம் திணித்துவிட்டான், ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே ஒரு காரணம் வைத்தார். மண்டபத்தில் நான் வேலை பார்த்த சிடி கடையிலும் ஷட்டர் உப்புக்காற்றில் துருவேறி இடுப்பு உயரத்தோடு நின்றுபோனது. நாலு மாதம் வாடிக்கைக்காரர்கள் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது யாரோ எங்கள் கடைக்கே வந்துபோனது போல இருந்தது.

காசாக்கும் வேலை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பேரை விற்க நினைப்பவர் அதே கடையைத் திறந்து, அதே ஆட்களை அதே கல்லாவில் நிறுத்தி, அதே பேச்சைப் பேச வைத்திருப்பார். இவர் முதல் காட்சியிலேயே கடையைக் கொளுத்திவிட்டார். படம் கருப்பு வெள்ளையில் தொடங்குகிறது; டான்டே வழக்கம் போல ஷட்டரைத் தூக்குகிறான்; உள்ளே நெருப்பு. அந்த நெருப்போடுதான் திரைக்குக் கலர் வருகிறது. அதன் பிறகு இருவரும் ஒரு பர்கர் கடையில் சீருடை போட்டு நிற்கிறார்கள். டான்டேவாக பிரையன் ஓ'ஹாலரன், ரேண்டலாக ஜெஃப் ஆண்டர்சன், இரண்டு படத்திலும் இவர்கள்தான். கன்னம் தடித்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர்கள் முகத்தில் இருக்கிறது. அதை மேக்கப் போட்டுக் கொண்டுவர முடியாது தம்பி.

ராமநாதபுரம்: நீங்கள் எழுதியதை நம்பிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டேன். பத்து நிமிஷத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

சொல்லியிருக்க வேண்டும் அம்மா. தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான படம் இது. பேச்சு முழுக்கப் பச்சை. கடைசிப் பகுதியில் வரும் கழுதைக் காட்சியை நானே ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பேன், அதை நியாயப்படுத்தப் போவதில்லை. ஜோயல் சீகல் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விமர்சகர் பத்திரிகையாளர் காட்சியில் சுமார் நாற்பதாவது நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். அதே வருஷம் கான் திரைப்பட விழாவில் எட்டு நிமிஷம் நின்று கைதட்டினார்கள். இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது.

உச்சிப்புளி: டான்டேவுக்கு நிச்சயமான பெண் எம்மா. அவனை ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போய் வீடும், கார் கழுவும் தொழிலும் அவள் வீட்டார் கொடுக்கிறார்கள். அவள் செய்த குற்றம் என்ன? ஆண்களின் நட்பைப் பெரிதாகக் காட்ட ஒரு பெண்ணை மட்டமாக்க வேண்டுமா?

இந்த மாதம் வந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் இது. நீங்கள் சொல்வது சரி. எம்மாவை அதிகாரம் பண்ணுகிறவளாகக் காட்டிவிட்டு, அவளைக் கைவிடுவதில் நமக்குச் சங்கடமே வராதபடி இயக்குநர் பார்த்துக்கொண்டார். அவள் தரப்பை ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் படம் இன்னும் கனமாகியிருக்கும். கீழக்கரை வாசகர் ஒருவரும் இதையே வேறு விதமாக எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு இல்லை. அவன் ஏன் அதைச் சிறை மாதிரி நினைக்கிறான்?" நியாயமான கேள்வி.

ஆனால் கடை மேனேஜர் பெக்கியாக வரும் ரொசாரியோ டாசனைப் பற்றி இரண்டு பேருமே ஒரு வார்த்தை எழுதவில்லையே! கல்யாணம் நெருங்குகிறது, ஆட வராது என்று டான்டே சொன்னதும் கடையின் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறாளே, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவன் காலைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறான், அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண்டபம், கல்லூரி மாணவி: கடைசியில் எரிந்த கடையை வாங்கி அதே கல்லாவுக்கே திரும்புகிறார்கள், படமும் கருப்பு வெள்ளைக்குத் திரும்புகிறது. அப்படியென்றால் தோற்றுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பாதி அப்படித்தான். கேமரா பின்வாங்கிக்கொண்டே போகும்போது ஒரு பெண் கடையில் அடுக்கியிருக்கும் பால் கேன்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், கவனித்தீர்களா? முதல் படத்திலும் அதே பெண், அதே வேலை. அவர் கெவின் ஸ்மித்தின் அம்மா. எதுவும் மாறவில்லை என்று இயக்குநரே சொல்கிறார்.

மீதிப் பாதியை உங்கள் ஊர்க் கரையில் பாருங்கள். அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வள்ளம் இறக்கினால் கடல் அதே கடல்தான், காற்றும் அதேதான். ஆனால் வலையை எங்கே விடுவது என்று சொல்வது அவர். டான்டேவும் ரேண்டலும் கல்லாவுக்குத் திரும்புவது சம்பளக்காரர்களாக அல்ல. அந்த வள்ளத்துக்கும் கடன் இருக்கிறது, ஓட்டை விழும், ஒன்றும் கிடைக்காத நாள் வரும். அதனால்தான் பாதி என்றேன்.

தேவிபட்டினம்: மூன்றாம் பாகம் இருக்கிறதா?

இருக்கிறது, 2022-இல் வந்தது. கெவின் ஸ்மித்துக்கு 2018-இல் மாரடைப்பு வந்து பிழைத்தார். அதில் பிறந்த கதை. பார்த்துவிட்டு எழுதுங்கள். முதல் படம் 2019-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

பாம்பன்: எனக்கு 31 வயது, செல்போன் கடையில் இருக்கிறேன். பக்கத்துக் கடையில் எட்டு வருஷமாக என் கூட்டாளி. இந்த மாசம் 28-ஆம் தேதி அவன் கத்தார் கிளம்புகிறான். ஜெயில் காட்சியில் ரேண்டல், நீ போனால் நான் என்ன செய்வேன் என்று கத்துகிறானே, அது சுயநலம் இல்லையா அண்ணே? என் வாயில் அது வரவே இல்லை.

தம்பி, என் கதையைச் சொல்லித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

எங்கள் சிடி கடைக்கு அடுத்தது பெட்டிக்கடை, அதில் என் கூட்டாளி. நடுவே ஒரு பலகைச் சுவர். வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து அவன் பேசுவான், சிடி அடுக்குக்குப் பின்னாலிருந்து நான் பதில் சொல்வேன். மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள், இப்போது போல 61 இல்லை. அந்த நாட்களில் கடலுக்குப் போகாதவர்கள் எல்லாம் பத்து ரூபாய் கொடுத்து என்னிடம் படம் எடுப்பார்கள்; அவனிடம் பீடியும் அரிசியும் கடனுக்கு எடுப்பார்கள். எனக்கு நல்ல காலம், அவனுக்குக் கடன் நோட்டு தடிக்கிற காலம். சாயங்காலம் என் கல்லாவிலிருந்து ஐம்பதோ நூறோ அவனுக்குப் போகும். படகு இறங்கிய வாரம் திரும்பி வரும்.

2004-இல் அவனுக்குச் சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இரண்டு பேரும் கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பேசியது அத்தனையும் கடன் நோட்டைப் பற்றி. யார் எவ்வளவு தரவேண்டும் என்று அவன் வாசித்தான், நான் புது நோட்டில் எழுதினேன். ஒரு மணிக்கு முடிந்தது. "பார்த்துக்கடா" என்றான். "சரி" என்றேன். மறுநாள் அவன் சென்னை ரயிலில் ஏறினான்.

'கிளர்க்ஸ் 2' டிவிடி என் கைக்கு வந்தது 2007-இல். பக்கத்துக் கடை சாத்திக் கிடந்தது. அந்த ஜெயில் காட்சி வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். படம் முழுக்க எல்லோரையும் எடுத்தெறிந்து பேசும் ரேண்டல், நீதான் எனக்கு இருக்கும் ஒரே நல்ல கூட்டாளி, நீ இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது என்று உடைந்துபோகிறான். அடுத்த வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து என் கூட்டாளியின் போன் வந்தபோது நான் சொன்னேன். அன்றைக்குச் சொல்லாததை, மூன்று வருஷம் கழித்து. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்டா" என்றான்.

ஏறாமல் இருந்திருந்தால் அவன் தங்கச்சி கல்யாணம் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது, ஓட்டுவீடு மாடி வீடாகியிருக்காது. அதனால் அவன் போனது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவன் கண்ணுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. ரேண்டல் வாயைத் திறந்ததால்தான் டான்டேவுக்கு இரண்டு வழி இருந்தது. போகாதே என்று தடுப்பது சுயநலமாக இருக்கலாம். நீ எனக்கு இவ்வளவு என்று சொல்வது அப்படி இல்லை. அதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிற உரிமை அவருடையது. அந்த உரிமையை என் கூட்டாளிக்கு நான் கொடுக்கவில்லை.

இந்த இதழ் 15-ஆம் தேதி பாம்பன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். உங்களுக்கு இன்னும் 13 நாள் இருக்கிறது. கடை சாத்துகிற நேரம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வார்த்தை சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்ட பிறகும் அவர் போகலாம். அப்படியானால் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்கள், பெட்டியை நீங்கள் தூக்குங்கள்.