கண் அசைவும் மனச்சிதைவும்: உங்கள் பெண் எதைப் படிக்க வேண்டும்?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் பெண், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயாளிகளின் மூளை கண் அசைவை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று ஸ்கேன் வழியாக ஆராயப் போகிறேன் என்கிறாள், இது கண் டாக்டர் வேலையா, மனநல டாக்டர் வேலையா, ஸ்கேன் எடுக்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் இல்லை, ஆராய்ச்சி. ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள் என்றீர்களே, அது நல்ல படிப்புதான், ஆனால் அவள் கேட்பது அதுவல்ல.

திடீரென்று முளைத்த துறையோ என்ற பயமும் வேண்டாம். டீஃபன்டார்ஃப், டாட்ஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1908-லேயே மனநோயாளிகளின் கண் அசைவைப் புகைப்படமாகப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 1973-இல் ஃபிலிப் ஹோல்ஸ்மன் குழு அதை மறுபடி கையில் எடுத்தது. பிறகு நோயாளிகளிடம் கண்ட கண் அசைவுக் குறை, நோய் இல்லாத நெருங்கிய உறவினர்கள் சிலரிடமும் தென்பட்டதால், பரம்பரைத் தொடர்பைத் தேடுபவர்களும் உள்ளே வந்தார்கள்.

சோதனை இப்படி இருக்கும். ஸ்கேனருக்குள் தலையை அசைக்காமல் படுத்திருப்பவருக்குத் திரையில் வலப்பக்கம் ஒரு புள்ளி தோன்றும், அவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். கண் தானாகவே புள்ளியிடம் ஓடும் என்பதால் நலமாக இருப்பவர்களுக்கே அவ்வப்போது தவறும். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம் தவறுகிறது, ஆனால் விதி புரியாமல் அல்ல, தவறிய கையோடு பலர் தாங்களாகவே கண்ணை மறுபக்கம் திருப்பிவிடுகிறார்கள். தெரிந்தும் அடக்க முடியாத அந்த நொடியில் மூளையின் முன்பகுதியில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் கணக்கு வருகிறது. புள்ளி தோன்றி ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடியில் கண் நகர்ந்துவிடும், எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை செயல்படும்போது எடுக்கும் ஸ்கேன்) அளக்கும் ரத்த ஓட்ட மாற்றமோ 5, 6 நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அடுத்தடுத்து வரும் அசைவுகளின் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், அவற்றைப் பிரித்தெடுப்பது புள்ளியியலும் நிரல் எழுதுவதும்தான். வண்ண வண்ண மூளைப் படம் கடைசியில்தான் வரும், அதற்கு முன் பல மாதம் எண்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கணக்குக்குப் பயந்து உளவியல் எடுத்தவள் என்றால் இதை இப்போதே அவளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று, கண் அசைவை வைத்து மட்டும் இந்த நோயை உறுதி செய்ய முடியாது, வேறு மனநோய்களிலும் இந்தக் குறை உண்டு. அதனால் மருத்துவமனையில் இதற்கென்று தனி வேலை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி., இதுதான் வழி, பல வருடம் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் ஆரம்பத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். பேராசிரியர் இடங்கள் குறைவுதான், ஆனால் தரவை அலசத் தெரிந்தவர்களை வேறு துறைகளும் எடுத்துக்கொள்கின்றன.

ஐ.ஐ.டி. காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் மூன்றிலும் அறிதிறன் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ், மனம் எப்படி இயங்குகிறது என்ற படிப்பு) சார்ந்த எம்.எஸ்சி. உண்டு. பிஎச்.டி.க்கு பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனமும் ஐ.ஐ.எஸ்.சி.யின் (இந்திய அறிவியல் கழகம்) நரம்பியல் மையமும் இருக்கின்றன.

அதற்கெல்லாம் முன்னால் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யட்டும். ஓப்பன்நியூரோ தளத்தில் மனச்சிதைவு உள்ளவர்களின் ஸ்கேன் தரவுகள் பெயர் நீக்கி இலவசமாகக் கிடைக்கின்றன. பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு அதில் ஒன்றைத் திறந்து ஒரு மாதம் உட்காரட்டும். அலுக்கவில்லை என்றால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள். நோயாளியோடு பேசுவதுதான் பிடிக்கிறது, எண்கள் பிடிக்கவில்லை என்றால் மருத்துவ உளவியல் பக்கம் போகலாம், ஆனால் அதற்கும் இந்த டிகிரி மட்டும் போதாது, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த மேற்படிப்பு வேண்டும்.