தன்பாலினத் திருமண உரிமைக்காக வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமில் பிரசாரம் செய்வதால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

மாறும். மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வியை வைத்துப் பார்த்தால், நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், இருபதுகளில் இருக்கிறீர்கள், இன்ஸ்டாகிராமில் ஏதோ ஒரு வீடியோ போட்டு அதற்கு வந்த வசவுகளைப் படித்துவிட்டு மனம் வெறுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் என்றால் நான் சொல்லப்போவது உங்களுக்கு உதவும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம். இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். 2017-ல் இங்கே நடந்த அஞ்சல் வாக்கெடுப்பின்போது 'ஆம்' என்று போடச் சொல்லித் தமிழில் பேசிய மிகச் சிலரில் நானும் ஒருத்தி. என் தம்பி தன்பால் ஈர்ப்பாளன். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலை இல்லை, இருக்கவும் விரும்பவில்லை. வெளிநாட்டில் வசதியாக இருந்துகொண்டு புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியத் திருமணச் சட்டம் 1961-ல் வந்தது. திருமணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில்தான் என்ற வரையறையை அதில் 2004-ல் ஜான் ஹோவர்ட் அரசு சேர்த்தது. அந்த ஒரு வரியை நாடாளுமன்றமே எடுத்துவிட்டிருக்கலாம். மால்கம் டர்ன்புல் அரசோ 2017-ல் அதை நாடு முழுக்கத் தபாலில் கேட்டது. நடத்தியதுகூடத் தேர்தல் ஆணையம் இல்லை, புள்ளிவிவரத் துறை. செப்டம்பர் 12 முதல் வீடுகளுக்கு உறை வரத் தொடங்கியது. நவம்பர் 7-க்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே கேள்வி, குறிபோட 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். என் தம்பி கல்யாணம் செய்யலாமா என்று தெருவில் எல்லாரையும் கேட்டார்கள். அந்த வலியை இன்றைக்கும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

இந்த நாட்டில் தேர்தலில் வாக்களிக்காவிட்டால் அபராதம். இந்த உறைக்கு மட்டும் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் எங்கள் முதல் கவலை, எங்களை ஆதரிக்கிறவர்களே சோம்பல்பட்டு உறையை மேசையில் போட்டுவிடுவார்களோ என்பதுதான். இங்கேதான் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் நன்றாக உதவின. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆகஸ்ட் 24 கடைசி நாள். அதற்குள் சேருங்கள், முகவரியைத் திருத்துங்கள் என்று இளம்பிள்ளைகள் விடாமல் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். 90,000-க்கும் மேற்பட்டவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். உறை வந்த பிறகு தபால்பெட்டி முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். உறைக்குள் இருக்கும் தாளின் பார்கோடு தெரியும்படி படம் போடாதீர்கள், வேறு யாராவது அதைப் பயன்படுத்திவிடலாம் என்று அரசே எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் படங்கள்.

ஆனால் அந்தப் படங்கள் எதுவும் எங்கள் பெரியம்மாவின் போனுக்கு வரவில்லை. அவரிடம் வந்தது வேறு.

ஆகஸ்ட் கடைசியில் 'இல்லை' தரப்பு முதல் தொலைக்காட்சி விளம்பரத்தை விட்டது. அதில் ஒரு தாய், என் மகன் விரும்பினால் அடுத்த வருடம் கவுன் போட்டுக்கொண்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்பார். அந்தப் பள்ளியின் அதிபர் அதை மறுத்தார். மறுப்பு ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. விளம்பரத்தின் சாரம் மட்டும் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தமிழில், யாரோ ஓர் ஆணின் குரலில் வந்து சேர்ந்தது. கேள்வி திருமணச் சட்டத்தைப் பற்றியது. குழுவில் பேச்சோ பிள்ளைகளின் பாவாடையைப் பற்றி. "கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறன், எங்கட பிள்ளைகளைக் காப்பாற்றுங்கோ" என்று முடியும் அந்தப் பதிவு. எங்கள் அம்மாக்கள் அதை நம்பியதில் ஆச்சரியம் இல்லை. தெரிந்த மொழியில், பயந்த குரலில், தெரிந்தவர் அனுப்பியது. அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

'ஆம்' தரப்பிலிருந்து எங்கள் பக்கத்துக்கு என்ன வந்தது? ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கோபப்பட்டு அதை அழித்தவர்கள்தான் அதிகம்.

நான் முதலில் தம்பியைக் கேட்டேன். பேசட்டுமா என்று. பெயரைச் சொல்லாதே, என் துணைவரின் படத்தைப் போடாதே, மற்றபடி நீ விரும்பியதைச் சொல் என்றான். ஒரு குரல் பதிவு செய்தேன். தத்துவம் எதுவும் பேசவில்லை. அடிலெய்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். 2016 ஜனவரியில், பிரிட்டனில் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்ட இரண்டு ஆண்கள் தேனிலவுக்கு அங்கே வந்திருந்தார்கள். ஒருவர் படியில் விழுந்து இறந்துபோனார். தெற்கு ஆஸ்திரேலியா அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. இறப்புச் சான்றிதழில் 'திருமணமாகாதவர்' என்று எழுதினார்கள். செத்தவீட்டு ஏற்பாடுகளுக்குக்கூடக் கணவரை விட்டுவிட்டு இறந்தவரின் தகப்பனைத்தான் கேட்டார்கள். மாநில முதல்வர் பிறகு மன்னிப்புக் கேட்டார். இதைச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்தால் பொறுப்பீர்களா என்று கேட்டேன். அவ்வளவுதான் பதிவு.

ஊர்க் குழுவில் போட்ட கொஞ்ச நேரத்தில் குழு நிர்வாகி அண்ணை தனியே எழுதினார். "தங்கச்சி, இது அரசியல் கதைக்கிற இடம் இல்லை." பாவாடைப் பதிவு அரசியல் இல்லையாம். நான் விவாதிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். அக்கா, மாமி, அன்ரி, அவரவர் முறை சொல்லி, அவரவர் பிள்ளைகளை விசாரித்து, பிறகு அந்தப் பதிவு.

அழைப்புகள் மத்தியானத்தில் வந்தன, வீட்டில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. எல்லாரும் கேட்டது ஏறக்குறைய ஒரே விஷயம்தான்: "பிள்ளை, கோயிலிலையும் கட்டி வைக்கச் சொல்லிக் கேப்பினமோ?" இல்லை, செனட்டர் டீன் ஸ்மித் வெளியிட்டிருக்கும் வரைவிலேயே மதகுருமார் மறுக்கலாம் என்று இருக்கிறது என்று சொன்னேன். டிசம்பரில் வந்த சட்டமும் அப்படித்தான் வந்தது. இந்த ஒரு பதிலைத் தமிழில் சொல்ல ஆள் இருந்திருந்தால் எத்தனை உறைகள் மாறியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். நான் நல்லூர்க் கந்தனைக் கும்பிடுகிறவள். மதத்துக்கு எதிரானவள் என்று என்னை ஒதுக்கப் பார்க்காதீர்கள்.

பெரியம்மா அந்தப் பதிவைத் தன் கோயில் தோழிகளுக்கு அனுப்பினார். நான் கேட்கவில்லை, அவராகவே அனுப்பினார். அது எங்கெல்லாமோ சுற்றிக் கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் மச்சாளிடம் போய், "இது உன்ர குரல்தானே?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, படித்துப் பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். திருமணத்தின் புனிதம் கெட்டுவிடும் என்று என்னோடு சண்டை பிடித்த ஒரு குடும்பம், அதே வருடம் மகனுக்குப் பெண் பார்த்தது. சிட்னியில் வீட்டு முற்பணம் கட்டும் அளவுக்குச் சீதனம் கேட்டார்கள், டொலரில். பெண் இங்கே படித்து வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பா இரண்டு வேலை செய்கிறவர். அதை யாரும் கலாசாரச் சீரழிவு என்று குரல் பதிவு போடவில்லை. குழு நிர்வாகி அண்ணை அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை பெண்களின் அப்பாமார் இப்படி முதுகு ஒடிந்து போனார்கள் என்று நம் சமூகம் ஒரு நாளாவது வாக்கெடுப்பு நடத்தியதுண்டா? சரி, விட்டுவிடுகிறேன்.

நவம்பர் 15 முடிவு வந்தது. பங்கேற்றவர்கள் 79.5 சதவீதம். 'ஆம்' 61.6 சதவீதம். டிசம்பர் 9-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான் அழுதேன், தம்பியும் போனில் அழுதான்.

முடிவு வந்த கையோடு இன்னொரு வேதனையும் வந்தது. 150 தொகுதிகளில் 17 தொகுதிகள் 'இல்லை' என்றன. அதில் 12 நியூ சவுத் வேல்ஸில், பெரும்பாலும் எங்கள் மேற்கு சிட்னியில். பாராமட்டாவில் 'இல்லை' 61.6 சதவீதம், நாடு 'ஆம்' என்று சொன்ன அதே அளவு. கிரீன்வேயில் 53.6. உடனே ட்விட்டரில் ஆரம்பித்துவிட்டார்கள், குடியேறிகள் பிற்போக்கு, இவர்கள் மாறவே மாட்டார்கள் என்று. அந்தப் புள்ளிவிவரம் தொகுதிவாரியானது. எந்த இனம் என்ன போட்டது என்று அதில் இல்லை. தமிழர்கள் எப்படிப் போட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருக்களுக்கு வராதவர்கள், எங்கள் மொழியில் ஒரு வரி பேசாதவர்கள், முடிவு வந்ததும் எங்களைத் திட்ட மட்டும் வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கிரீன்வே தோற்றது கொஞ்ச வித்தியாசத்தில். அங்கே பேசிப் பார்த்திருக்கலாம்.

அயர்லாந்துக்காரர்கள் இதை 2015-லேயே புரிந்துவைத்திருந்தார்கள். மே 22-ல் அங்கே நடந்த பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் ஆதரவு. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க ஊர் திரும்பிய இளைஞர்கள் விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் போட்ட படங்கள்தான் உலகத்துக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. டப்ளின் மாணவர்கள் பாட்டிக்குப் போன் போட்டுப் பேசுங்கள் என்று வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். இணையத்தை வைத்து ஆட்களைப் போன் எடுக்க வைத்தார்கள்.

இப்போது உங்கள் நிலைமை. இந்தியாவில் உறை வரப்போவதில்லை. 2023 ஏப்ரல், மே மாதங்களில் தன்பாலினத் திருமண வழக்கின் உச்ச நீதிமன்ற விசாரணை யூடியூபில் நேரலையாகப் போனபோது நானும் இங்கிருந்து பார்த்தேன். அக்டோபர் 17-ல் தீர்ப்பு வந்தது. திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள், இணைந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் தருவதையும் 3-2 என்று மறுத்தார்கள், சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. எனவே ஹேஷ்டேக் போட்டு நாளைக்கே சட்டம் வந்துவிடும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். 2021-ல் மதுரையிலிருந்து வந்த, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தான் இன்னும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், தன் துணைவியிடமிருந்து பிரித்து வீட்டார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றது. ஒரு நீதிபதியே பேசிக் கேட்டு மாறியிருக்கிறார் என்றால் உங்கள் சித்தி மாற மாட்டாரா?

ஆகவே இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாதவனோடு சண்டை போடுவதை நிறுத்துங்கள். அவன் மாறப்போவதில்லை, உங்கள் உடம்புதான் கெடும். உங்களை ஏற்கெனவே நம்புகிறவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களுக்கு உங்கள் குரலில், உங்கள் ஊர்ப் பேச்சில், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஒரு பதிவு அனுப்புங்கள். உரிமை, சமத்துவம் என்று தொடங்காமல் மருத்துவமனை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, இறப்புச் சான்றிதழ் என்று தொடங்குங்கள். அவர்கள் திருப்பி அழைக்கும்போது வேலை இருந்தாலும் எடுங்கள். பொய்ப் பதிவு வந்தால் அதே நாளில், அதே மொழியில் பதில் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்னொருவரின் கதையைச் சொல்வதானால் அவரைக் கேட்காமல் ஒரு எழுத்துகூடப் போடாதீர்கள். பெயர், ஊர், கல்லூரி, பின்னால் தெரியும் வீட்டுச் சுவர் எல்லாம் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அப்படித் தெரிந்துபோனால் வீட்டில் பூட்டி வைக்கிறார்கள், அவசரமாகக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். நீங்களே இன்னும் வீட்டில் சொல்லவில்லையென்றால், முதலில் தங்க ஓர் இடமும் கையில் கொஞ்சப் பணமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரசாரம் அதற்குப் பிறகு.